அலகு நுனி வேலை

கோழிமுட்டைக்குள் தனியாக இருந்த ஒற்றைச் செல்லுக்குப் பேச்சுத்துணை இல்லாமல் பொழுதே போகவில்லை. சட்டென்று இரண்டாகப் பிரிந்தது. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, சில நாளில் உள்ளே திருவிழாக் கூட்டம்.

"நான்தான் இதயம்!" "நான் கண்!" என்று ஆளுக்கொரு வேலையைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியாகப் பிறந்த கடைக்குட்டிக்கு, அலகு நுனியில் பல் மாதிரி ஒரு குட்டிக் கூர்முனையாகும் வேலைதான் மிஞ்சியது.

"குஞ்சு வெளியே போன கொஞ்ச நாள்லயே உதிர்ந்துடுவியாமேடா!" என்று சிரித்தது கண்.

இருபத்தோராம் நாள் உள்ளே நெளியக்கூட இடமில்லை. இதயம் படபடத்தது. "ஒண்ணுமே தெரியலையே, யாராவது ஏதாவது செய்யுங்களேன்!" என்று அலறியது கண்.

"கொஞ்சம் தள்ளுங்கண்ணே" என்று கடைக்குட்டி முட்டையின் ஓட்டில் மோதியது. டொக், டொக். ஓடு பிளந்தது.

"அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்!" என்றது கண்.

"ஆமாண்ணே," என்றது கடைக்குட்டி, "நான் அப்பவே எட்டிப் பாத்துட்டேன்."