ஆறாவது வார்டு நீர்மோர்ப் பந்தல்

கரண்டி அவள் கையில் இருந்தது. பந்தலில் இருந்தவர்களின் கண்ணெல்லாம் அவள் கணவர் மேல் இருந்தது.

"கவுன்சிலரே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க," என்றார் போட்டோக்காரர்.

தவசி திரும்பினார்.

அவளும் திரும்பப் போனாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்தச் சொல் தன்னுடையது என்று அவள் கழுத்துக்கு மட்டும் இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது.

ஆறாவது வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். இத்தனை வருடம் கட்சிக்கொடி கட்டியவருக்கு நிற்க வழியில்லை. அதனால் அவள் நின்றாள். ஜெயித்தாள்.

அன்றைக்கு விழுந்த மாலைகள் எல்லாம் அவர் கழுத்தில்.

அதில் அவளுக்குக் கோபம் இருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது.

அவளை யாரும் திட்டவில்லை.

சாக்கடை பொங்கினால் அவரைத் திட்டினார்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் அவரை. வீட்டு வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருப்பார்கள். அவள் தலை தெரிந்ததும் குரல் இறங்கிவிடும்.

"ஒண்ணுமில்ல மதினி. அண்ணன் இருக்காரா?"

சுவரைப் பார்த்து யார் ஏசுவார்கள்?

சித்திரை வெயில் பந்தலின் கீற்றைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. நகராட்சித் தண்ணீர் லாரி ஓரமாக நின்றது. டிரைவர் அதன் நிழலில் உட்கார்ந்து தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தான். மோருக்கு வேண்டிய தண்ணீரைக் காலையிலேயே இறக்கியாயிற்று. மிச்சம் கட்சிச் செயலாளர் வீட்டுத் தொட்டிக்குப் போகும் என்று தவசி சொல்லியிருந்தார்.

அவள் தலையாட்டியிருந்தாள். தலையாட்டுவது பழகிவிட்டது.

அடுத்த டம்ளரை எடுத்தாள். கரண்டியைச் சாய்த்தாள்.

கரண்டிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் குடம் வந்து நின்றது.

"இதுல ஊத்து."

கீழத்தெரு சீனியம்மாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள். எல்லோர் இடுப்பிலும் காலிக் குடம்.

"டம்ளர் இருக்குக்கா..."

"மோரு எவளுக்கு வேணும்? தண்ணி ஊத்து. சித்திர பொறந்ததுலருந்து எங்க தெருவுல ஒரு சொட்டு இல்ல. மோருல குளிச்சு மோருலயே ஒல வைக்கவா? இத்தன அண்டா மோருக்கு ஒனக்கு மட்டும் தண்ணி எங்கருந்துடி வந்துச்சு?"

போட்டோக்காரர் கேமராவை இறக்கினார்.

தவசி சிரித்துக்கொண்டே வந்தார்.

"யக்கா, எதுன்னாலும் என்கிட்ட சொல்லு. அவளுக்கு என்ன தெரியும்?"

சீனியம்மாள் அவர் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"நீ சும்மா இரு தம்பி. ஓட்டு ஒனக்கா போட்டேன்? இவளுக்குத்தான போட்டேன். இவளத்தான் கேப்பேன்."

அவளுக்குக் காது சுட்டது. கன்னம் சுட்டது.

அவமானம் என்றுதான் முதலில் நினைத்தாள். அவமானப்பட்டால் உடம்பு குறுகும், அவளுக்குத் தெரியும். இப்போது முதுகு தானாக நிமிர்ந்துகொண்டிருந்தது.

"சொல்லுங்கக்கா," என்றாள். "இன்னும் சொல்லுங்க."

சீனியம்மாள் குடத்தை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டாள். குரல் முன்னைவிடச் சத்தமாக வந்தது.

"ஓட்டு கேக்க வந்தன்னிக்கு நாக்கு வறண்டுபோச்சுன்னு எங்க வீட்டுப் பானையிலதான மொண்டு குடிச்ச?"

"ஆமாக்கா. குடிச்சேன்."

சொன்ன பிறகுதான் கவனித்தாள். பந்தல் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கரண்டியைத் தவசியின் கையில் வைத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகே எதை வாங்கினோம் என்று குனிந்து பார்த்தார்.

அவள் வெயிலில் இறங்கி லாரியை நோக்கி நடந்தாள். தார் செருப்பை மீறிச் சுட்டது.

"வண்டிய எடு. கீழத்தெருவுக்கு."

டிரைவர் எழுந்தான். அவள் தோளுக்கு மேலே, பந்தலைப் பார்த்தான்.

அவளுக்குப் பின்னால் தவசி ஏதோ சொல்ல வாயெடுப்பது அவள் முதுகுக்குத் தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். லாரி செயலாளர் வீட்டுக்குப் போய்விடும். அவள் திரும்பி வந்து மோர் ஊற்றுவாள். நாளைக்கும் மறுநாளும் ஊற்றுவாள்.

"அங்க என்ன பாக்குற?" என்றாள். "கவுன்சிலர் இங்க நிக்கிறேன்."

அந்தச் சொல்லை அவள் வாயால் சொல்வது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, அது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டாள்.

டிரைவர் தர்ப்பூசணித் தோலை எறிந்தான். கையை லுங்கியில் துடைத்தான். ஏறினான்.

அவள் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். படி உயரமாக இருந்தது. யாரும் கை கொடுக்கவில்லை. அவளும் கையை நீட்டவில்லை.

இருக்கை அடுப்புக்கல்லாகக் கொதித்தது. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

லாரி நகர்ந்தது. குடங்களோடு பெண்கள் அதன் பக்கத்திலேயே ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். சீனியம்மாள் முன்னால். திட்டு இன்னும் தீரவில்லை. சாக்கடைக்கு வந்திருந்தாள். அங்கிருந்து தெருவிளக்குக்கு. பிறகு ரேஷன் கடைக்கு. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

என்ஜின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

அவள் கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கினாள்.