தையல் கடைப் பெட்டிசன்

"இந்தக் கடை முதலாளி ஆர்? நீங்களோ?"

தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த நல்லமுத்துவின் கால் அப்படியே நின்றது. வாசலில் கோட்டும் தொப்பியுமாக, கையில் தோல் பையோடு நின்றவர் லேபர் ஒப்பீஸ் ராமநாதன் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். அவர் நடந்துவந்தால் ஹட்டன் பஸாரில் பாதிக் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள், மீதிப் பேர் கடைக்குள் ஒளிந்துகொள்வார்கள்.

"நான்தாங்க. உக்காருங்க, ஐயா."

"உங்கட கடையைப் பற்றி ஒரு பெட்டிசன் வந்திருக்கு."

நல்லமுத்து துணிக் குவியலைப் பார்த்தான். வந்ததுதான் வந்தது, இன்றைக்கா வரவேண்டும்? தோட்டங்களில் நேற்றுத்தான் சம்பளம் போட்டிருந்தார்கள். அடுத்த வாரம் திருவிழா. வெட்டிப்போட்ட சட்டைகள் மட்டும் இருபத்திரண்டு கிடந்தன. கடையை மூடச் சொல்லிவிட்டால் ஐந்து வருடப் பாடு அத்தனையும் வீண்.

"பெட்டிசனா!" என்று துள்ளினான் வீரய்யா. சட்டை போட்டுப் பார்க்க வந்த தோட்டத் தொழிலாளி அவன். ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றான். தோட்டத்துச் சங்கத்தில் அவன்தான் காரியதரிசி. பெட்டிசன் என்றால் அவனுக்குப் பாயசம் மாதிரி.

"வாசிங்க, ஐயா, வாசிங்க!"

ராமநாதன் ஐயா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடுதாசியைப் பிரித்தார்.

"'கனம் ஐயா அவர்களுக்கு, இந்தக் கடையில் ஒரு ஆளை ஐந்து வருசமாக லீவே கொடுக்காமல் வேலை வாங்குகிறார்கள்...'"

"சின்னத்தம்பிதாங்க!" நல்லமுத்து காலியாகக் கிடந்த இரண்டாவது மிஷினைக் காட்டினான். "எங்கிட்ட வேலை பாக்குறது அவன் ஒருத்தன்தான். இன்னைக்கும் கொழுந்தியா கல்யாணம்னு லீவுல போயிருக்கான். தெனம் அஞ்சு மணிக்கு அனுப்பிடுறேன். ஞாயித்துக்கெழம லீவு. அவனா என் மேல பெட்டிசன் போட்டான்?"

"பதறாதேங்கோ. அவரை நேற்றே விசாரிச்சனான். உங்களைப் பற்றி நல்லாத்தான் சொன்னவர். இது அவரில்லை."

நல்லமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப கடை மாறிப்போச்சுங்க! கீழ ரோட்டுல இன்னொரு தையக்கடை இருக்கு. அந்த ஆளு அப்படித்தான், ஈவு இரக்கமே கெடையாது. மேல வாசிங்க, ஐயா!"

"'எங்கள் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தால் ஒன்றரைப் பேர் போடுவார்கள். இந்தக் கடையில் எல்லா ஞாயிறும் வேலை. அரைப் பேர்கூடக் கிடையாது.'"

"கேட்டீங்களா அநியாயத்தை!" வீரய்யா சட்டையில்லாத கையை ஓங்கினான். "வெள்ளக்காரத் தொரையே ஞாயித்துக்கெழம ஒரு நாள் வேலைக்கு ஒண்ணரை நாள் சம்பளம் குடுக்குறாரு. இவரு தொரைக்கும் மேல பெரிய தொரையா?"

"'மத்தியானம் கொண்டுபோகும் சோறு, பொழுது சாயத் தொடாதபடியே திரும்பி வருகிறது. மூன்று வயதுப் பிள்ளை எழும்புமுன் வேலைக்கு வந்துவிடுகிறார், அது தூங்கிய பிறகுதான் வீட்டுக்குப் போகிறார். போன வாரம் காய்ச்சலில் முழித்த பிள்ளை, அயர்ந்து தூங்கிய அவரைப் பார்த்து, யாரும்மா இந்த மாமா என்று கேட்டது.'"

நல்லமுத்து அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பெற்ற பிள்ளை அப்பனைப் பார்த்து மாமா என்று சொன்னது தெரிந்தால் அந்த மனுசனுக்கு எப்படி இருக்கும்!

"மனுசனாங்க அவன்?" என்று எழுந்துவிட்டான். "இப்படி ஒருத்தனைச் சும்மா விடலாமா? கடையைப் பூட்டுங்க, ஐயா!"

"பூட்டத்தான் வேணுமோ?"

"பூட்டுங்கங்குறேன்! ஒரு நாளைக்கு இல்ல, மூணு நாளைக்குப் பூட்டுங்க. அந்த ஆளு குடும்பத்தோட எங்கயாச்சும் போய் நிம்மதியா இருந்துட்டு வரட்டும். யார் கேட்டாலும் நான் சாட்சி சொல்றேன்."

"எழுத்தில் தருவீங்களோ?"

"குடுங்க பேனாவை!"

மூன்று நாள் பூட்டவேண்டும் என்று கடுதாசியின் ஓரத்தில் எழுதி, நல்லமுத்து கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டான். திருவிழா நெருங்கும்போது போட்டிக் கடையைப் பூட்ட, கரும்பு தின்னக் கூலியா வேண்டும்? வீரய்யாவும் அதன் கீழே பெயரை எழுதி, சங்கப் பதவியையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டான்.

ராமநாதன் ஐயா மை காய ஊதினார். முதன்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"நல்லது. அப்ப கடையைப் பூட்டுங்கோ."

"எந்தக் கடையைங்க?"

ஐயா கடுதாசியின் கடைசி வரிகளை நிதானமாக வாசித்தார்.

"'வேலையாள் பெயர் நல்லமுத்து. முதலாளி பெயரும் நல்லமுத்து. இப்படிக்கு, இருவருக்கும் சம்சாரமாகிய பேச்சியம்மா.'"

நல்லமுத்து திரும்பிப் பார்த்தான். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் பெரிய பூட்டோடு வாசலில் நின்ற பேச்சியம்மா சொன்னாள்: "கெளம்புங்க, ஸ்டேசனுக்கு நேரமாச்சு, நானுஓயா கோச்சிக்கு ரெண்டரை டிக்கட்டு எடுத்தாச்சு."