கிழிந்த ராஜினாமா

அன்று மாலை ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வெளிநாட்டிலிருந்து விசாவில் வந்து, இரண்டு வருஷமாகக் குளத்துப் பாசியை ஆராய்ந்து, எல்லோர் வாயிலும் 'பாசி' ஆகிவிட்டவர். அவர் மனைவி. பக்கத்து மேஜைக்காரர். அலுவலகத்து அக்கா. கடைசியாக, பயணம் முடிந்து வந்த கையோடு பெட்டியை உருட்டிக்கொண்டே உள்ளே நுழைந்த துறைத்தலைவி.

கேக்கை அக்கா அளந்து வெட்டியிருந்தார். ஆளுக்கு ஒன்றாக ஐந்து துண்டு.

"என்ன விசேஷம்?" என்றார் துறைத்தலைவி.

"பாசிக்குப் பிரிவு உபசாரம் மேடம்" என்றார் பக்கத்து மேஜைக்காரர். கேக் அவர் வாங்கி வந்தது. "திட்டத்துக்கு நிதி நின்னு போச்சுன்னு தெரிஞ்சதும் மனுஷன் ராஜினாமா எழுதிட்டார். கழுத்தைப் பிடிச்சுத் தள்றதுக்கு முன்னாடி நாமளே எழுந்து போறதுதானே கௌரவம்? நான்தான் யோசனை சொன்னேன்."

"எங்கே அது?"

அக்கா உறையை நீட்டினார். "நீங்க வந்து கையெழுத்துப் போடட்டும்னு வெச்சிருந்தேன் மேடம்."

துறைத்தலைவி படித்தார். பிறகு பாசியின் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, எத்தனை மாசம்?"

அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "எட்டு முடியப் போகுது."

"விமானத்துல ஏத்துவாங்களா?"

"ஏத்த மாட்டாங்களாம். என்ன பண்றதுன்னே தெரியலை மேடம்."

துறைத்தலைவி ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். இரண்டை நான்காக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"இந்த ராஜினாமா செல்லாது. இவரை வேலையை விட்டு அனுப்புறது நான். அவரா போகலை. துறை அனுப்புது. எல்லார் காதுலயும் விழுந்துச்சா?"

பாசிக்குத் தலைகால் புரியவில்லை. 'உங்க கைபட்டா பாசிகூட வாசனையா வளரும்போல' என்று போன மாதம் சொன்ன வாய்தானா இது? தானாகப் போகிறவனை நிறுத்திவைத்து, அப்புறம் தள்ளுவானேன்? அதுவும் கட்டியவள் கண்ணெதிரே?

"மேடம், நான் ஏதாவது தப்பு…"

"ஒரு தப்பும் இல்லை. அக்கா, அதையும் சேர்த்து எழுதுங்க. வேலையில எந்தக் குறையும் இல்லை, நிதி நின்னதால அனுப்புறோம்னு."

குறை இல்லை, ஆனால் அனுப்புகிறோம். கேட்கக் கேட்க அவருக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"ஏங்க, வாங்க போயிடலாம்" என்று மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னும் என்ன கேட்கணும் நமக்கு?"

பக்கத்து மேஜைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "இது நியாயமா மேடம்? ஒரு மானஸ்தனை இப்படியா அவமானப்படுத்துறது? அவர்தான் போறேங்கறாரே, விட்டுடுங்களேன். நாளைக்கே மேஜையைக் காலி பண்றதாப் பேச்சு."

"மேஜைக்கு என்னய்யா அவசரம்?"

எல்லோரும் ஜன்னலோரம் திரும்பினார்கள். கூடத்திலேயே வெளிச்சம் படுகிற ஒரே மேஜை பாசியுடையது. அதன்மேல் அன்று காலை முதல் ஒரு பூந்தொட்டி இருந்தது. வைத்தவர் பக்கத்து மேஜைக்காரர். பிரிகிற நண்பனுக்குப் பரிசு என்று நினைத்த பாசி, அவர் கையைப் பிடித்து நன்றிகூடச் சொல்லியிருந்தார். அவர் கொஞ்சம் முழித்துவிட்டு, "அட, இருக்கட்டும்" என்றிருந்தார்.

துறைத்தலைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் உட்காருங்க. தம்பி, நீங்களா எழுதிக் கொடுத்தா நாளையோட வேலை போச்சு. வேலையோட விசாவும் போச்சு. நாங்க அனுப்பினா மூணு மாசம் முன்னாடியே சொல்லியாகணும், அதுதான் விதி. அதுவரைக்கும் சம்பளம், ஆஸ்பத்திரி, விசா எதுக்கும் பங்கம் வராது. ஊருக்குத் திரும்புற டிக்கெட்டும் எங்க தலையில. அதான் எல்லார் எதிர்லயும் உரக்கச் சொன்னேன். 'அவராத்தான் போனார்'னு நாளைக்கு எவனும் மாத்திப் பேசக் கூடாது பாருங்க."

பாசி மனைவிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அப்போ… பிரசவம்?" என்றாள் மனைவி.

"இங்கேதான். பெத்து, எழுந்து நடமாடி, குழந்தைக்கும் பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டு மூணு பேரா போங்க." துறைத்தலைவியின் குரல் முதல் தடவையாகத் தணிந்தது. "திட்டத்தைக் காப்பாத்தத்தான் ஒரு வாரமா அலைஞ்சேன். முடியலை. அனுப்புறதையாவது முறையா செய்யணும் இல்லையா? சரி, அந்தக் கேக்கை இப்படித் தள்ளுங்க அக்கா. காலையிலிருந்து பட்டினி."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டாள். அக்கா சாப்பிட்டார். துறைத்தலைவி விரலில் ஒட்டியதைக்கூட விடவில்லை. பாசி தன் பங்கை முடித்துவிட்டு, யோசனை சொன்ன நண்பருக்கும் ஒரு துண்டை எடுத்து நீட்டத் திரும்பினார்.

பக்கத்து மேஜைக்காரரைக் காணோம்.

ஜன்னலோரம் பூந்தொட்டியையும் காணோம். கொடுத்த பரிசை யாராவது திருப்பி எடுத்துக்கொண்டு போவார்களா? பாசிக்கு ஒரு நிமிஷம் மறுபடியும் குழப்பமாக இருந்தது.

அப்புறம் புரிந்தது. துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

ஐந்தில் மீதி, ஒன்று.