எலுமிச்சை, சாம்பல், தலைமுடி

“வண்டியைப் பூட்டச் சொல்லுங்க. பிள்ளை பிறக்கிற வரைக்கும் லுணுகலையில அம்மா வீட்டுல இருக்கப் போறேன்” என்றாள் கனகம். “எனக்குச் செய்வினை வெச்சவ பக்கத்துல இனி ஒரு வேளைகூடத் தங்க மாட்டேன்.”

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. மாட்டு வண்டியில் லுணுகலைக்குப் போய்ச் சேர ஒரு நாள் முழுக்கக் குலுங்க வேண்டும். கனகத்துக்கோ ஐந்தாம் மாதம். எட்டு வருஷம் காத்திருந்து தரித்த கரு.

ஜவுளிக்கடை வைரவநாதன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “ஒடம்புக்கு ஆகாது கனகம். செய்வினையெல்லாம் ஒண்ணும் இருக்காது. விட்டுடேன்.”

“விடுறதா? என் கண்ணால பார்த்தேங்க!”

அவள் பார்த்தது உண்மைதான். அன்று காலை மதிலில் இருந்த ஓட்டை வழியே எட்டிப் பார்த்தபோது, அடுத்த வீட்டு ஜெனீரா ஒரு குழியருகே குந்தியிருந்தாள். தையற்காரர் றவூபின் மனைவி அவள். குடிவந்து ஆறு மாதந்தான் ஆகிறது. அவள் கையில் இருந்ததோ கனகம் வீட்டுக் குப்பை. பிழிந்த எலுமிச்சை மூடி, அடுப்புச் சாம்பல், கனகம் சீவிக் கழித்த தலைமுடி எல்லாவற்றையும் குழியில் போட்டு மண்ணால் மூடி, உதட்டுக்குள் என்னவோ முணுமுணுத்தாள்.

“எலுமிச்சை, சாம்பல், தலைமுடி! இதுக்கு மேல என்ன வேணும்? நீங்க ஓயாக்கரையில கொட்டுறதை, பின்னாலேயே போய்ப் பொறுக்கிட்டு வர்றா!”

அந்த வீட்டில் குப்பை கொட்டுவது வைரவநாதன் பொறுப்பு. விடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியே பதுளை ஓயா ஆற்றுக்குப் புறப்படுவார். அடுப்பில் வைத்த பால் பொங்குமுன் திரும்பிவிடுவார். இத்தனை சுறுசுறுப்பான புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று கனகத்துக்கு உள்ளூரப் பெருமை.

வண்டிக்கார முருகையா மாட்டைப் பூட்டிக்கொண்டே சொன்னான்: “தோண்டி எடுக்காம போனா, செய்வினை லுணுகலைக்கும் தொரத்திக்கிட்டு வருமுங்களே அம்மா!”

அவ்வளவுதான். கனகம் விறுவிறுவென்று அடுத்த வீட்டு முற்றத்துக்குப் போனாள். “வேணாம் கனகம், வேணாம்” என்று வைரவநாதன் பின்னாலேயே ஓடினார். வேடிக்கையை விட மனமில்லாமல் முருகையாவும் ஓடினான்.

“அந்தக் குழியைத் தோண்டு! நீ புதைச்சது என்னன்னு பார்க்கணும்.”

ஜெனீரா திருதிருவென்று விழித்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்தாள். “இன்டைக்குப் போட்டது இன்னும் மக்கல்ல அக்கா. மூணு மாசத்துக்கு முந்தி மூடினதைக் காட்டுறேன், பாருங்க.”

தகடு வரவில்லை. ஊசி குத்திய பொம்மை வரவில்லை. கருகருவென்று, புது மழையின் வாசத்தோடு மண்தான் பொலபொலவென்று வந்தது. நாலைந்து மண்புழுக்கள் வெயில் பட்டு நெளிந்தன.

“இந்தச் செய்வினைக்குக் கத்தரிக்கா நல்லாக் காய்க்குமுங்க” என்றான் முருகையா.

“செய்வினையா? செடிக்குப் போடுற பசளை அக்கா!” என்றாள் ஜெனீரா. “குப்பை ஒரு படை, மாட்டுச் சாணி ஒரு படை, மேலால மண். ஈயும் வராது, நாத்தமும் இல்ல. ஓயாவுல கொட்டினா, கீழே இருக்கிறவங்க குடிக்கிற தண்ணிதானே கெட்டுப் போகும்?”

மதிலோரம் கத்தரியும் பூசணியும் காய்த்துக் கிடந்தன. கனகத்தின் கோபம் பாதி இறங்கியது.

“அப்ப, என்னமோ முணுமுணுத்தியே, அது?”

“துஆ கேட்டேன் அக்கா. ஒங்களுக்கு நல்லபடியா புள்ள கெடைக்கணும்னு, அல்லாஹ்கிட்ட.”

கனகத்தின் கண்கள் நிறைந்தன. தாகத்துக்கு ஒரு வாய் தண்ணீர்கூடத் தான் கொடுத்தறியாத பெண், தன் குழந்தைக்காகக் கையேந்தியிருக்கிறாள். கடவுளின் கருணை எந்த வீட்டு மதிலைத் தாண்டி வரும் என்று யாருக்குத் தெரியும்?

“மாட்டை அவுத்துடு முருகையா” என்றாள். ஜெனீராவின் மண் படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆறு மாசமா ஒன்கூட ஒரு வார்த்தை பேசினதில்லையே தங்கச்சி. ஒனக்கு ஒண்ணுமே செய்யாத எனக்காகவா கேட்டே?”

வைரவநாதன் மாட்டை அவிழ்க்க உதவப் போவதுபோல் மெல்ல நழுவினார்.

ஜெனீரா சிரித்தாள். “இது என்ன கதை அக்கா? நீங்க குடுக்கச் சொன்னதாச் சொல்லி, ஒங்கட வீட்டுக்காரர்தானே தெனமும் மதிலுக்கு மேலால கூடையை நீட்டுறாரு!”