வெள்ளிக்கிழமை முடிச்சு

“உங்க வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சுடாதா மாஸ்டர்?” என்று கேட்டாள் டிரைவர் சீட்டில் இருந்தவள்.

“தெரிஞ்சா என் கதை முடிஞ்சது. அஞ்சே நிமிஷம், யார் பார்க்கப் போறாங்க?” என்றபடி கழுத்திலிருந்த மஃப்ளரை அவிழ்த்தார் மாஸ்டர். ஆளில்லாத சந்தாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டச் சொன்னதும் அவர்தான்.

அவிழ்த்ததை அவள் கையில் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, இருபதடி தள்ளிப் போய் நின்று சிகரெட்டைப் பற்றவைத்தார். நீங்கள் வேறென்னவோ நினைத்திருந்தால் அதற்கு மாஸ்டர் பொறுப்பில்லை.

இருபது வருஷமாக ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனுஷன். எத்தனையோ பேரைச் சரியான நேரத்தில் பிரேக் போட வைத்தவருக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கால் போகமாட்டேன் என்கிறது.

போன வாரம் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. “சிகரெட்டை விட்டாத்தான் அப்பா குழந்தையைத் தூக்கலாம்” என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் ஒரு படி போனாள் மாஸ்டரின் மனைவி. “இந்த வாரம் முழுக்க ஒண்ணுகூடப் பிடிக்கக் கூடாது. பிடிச்சீங்கன்னு தெரிஞ்சா, ஞாயித்துக்கிழமை பேத்தியைப் பார்க்க நான் மட்டும்தான் போவேன்.”

மாஸ்டர் சத்தியம் பண்ணிக் கொடுத்தார். பேத்தியின் போட்டோவை ஒரு நாளைக்கு முப்பது தடவை எடுத்துப் பார்க்கிறவர், மனசாரத்தான் பண்ணினார். கை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வாயைக் கொப்பளித்துவிடலாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம். இந்தக் கம்பளி மஃப்ளர் இருக்கிறதே, அது புகையை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ஒப்பித்துவிடும். கழற்றாமல் ஒரு இழுப்புகூட இழுக்க முடியாது. மனைவிக்கும் அது தெரியும். தெரிந்துதான் திங்கட்கிழமை புது மஃப்ளரை வாங்கிவந்து, “குளிர்ல சளி பிடிச்சா குழந்தைகிட்ட அண்ட முடியாது பாருங்க” என்று தினமும் காலையில் அவளே கட்டிவிட ஆரம்பித்தாள்.

முதல் நாள் சும்மா ஒரு சுற்று. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு திரும்பக் கட்டிவிட்டார். செவ்வாய்க்கிழமை, இரண்டாக மடித்து நுனியை வளையத்துக்குள் விட்டு இழுத்த கட்டு. அதுவும் பிரமாதமில்லை. புதன்கிழமை டை மாதிரி ஒரு முடிச்சு, வியாழக்கிழமை ரெட்டைச் சுற்று. காரின் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு அரைமணி நேரம் மல்லுக்கட்டி எப்படியோ ஒப்பேற்றினார்.

வெள்ளிக்கிழமை கட்டிவிட்டது வேறு ரகம். மேலே ஏறி, உள்ளே நுழைந்து, வெளியே வந்து, நெஞ்சுக்கு நேரே ஜடை பின்னினாற்போல இறங்கியது. ஒரு தம்முக்கு ஆசைப்பட்டு அதையும் அவிழ்த்தாயிற்று. சிகரெட் முடிந்து வண்டிக்குத் திரும்பியவர், எந்த நுனியை எங்கே விடுவது என்று தெரியாமல் திருதிருவென்று முழித்தார்.

“ஏம்மா, நீங்க தையல் கடை வச்சிருக்கீங்களே, கொஞ்சம் கட்டிவிடுங்களேன்.”

அவளும் கட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவை மாஸ்டருக்கு மூச்சு முட்டி இருமல் வந்ததும் விட்டுவிட்டாள். “எனக்குச் சரிப்பட்டு வரல மாஸ்டர். ஓரத்துல கடைப் பேரு தச்சிருக்கு பாருங்க, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல இருக்கிறதுதான். வித்தவங்களுக்குக் கட்டத் தெரியாமலா போயிடும்?”

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளைத் தையல் கடையில் இறக்கிவிட்டு நேரே அங்கேதான் போனார்.

கடைக்காரர் நல்ல பொறுமைசாலி. “மேல ஒரு சுத்து சுத்தி, அப்புறம் உள்ள போயி, அப்புறம் இப்படி ஜடை மாதிரி...” என்று மாஸ்டர் காற்றில் கையை ஆட்டிக்கொண்டிருக்கும்போதே, “புரிஞ்சுது சார், தாடையைக் கொஞ்சம் தூக்குங்க” என்றார். இரண்டே நிமிஷம். அதே ஜடை, அதே இடத்தில் நுனி.

“எவ்வளவு தரணும்?”

“இதுக்கெல்லாம் காசா சார்? சும்மா இருங்க.”

இந்தக் காலத்தில் இப்படியும் மனுஷங்க இருக்காங்களே என்று மாஸ்டர் நெகிழ்ந்துபோனார். வழியெல்லாம் பேத்தியை எப்படித் தூக்குவது, தலைக்கு எந்தக் கையைக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே வண்டியை ஓட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி போனில் இருந்தாள். “சரிங்க, ரொம்ப நன்றிங்க” என்று வைத்துவிட்டு எழுந்து வந்தாள். மஃப்ளரை மோந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. முடிச்சை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள்.

“காலையில கட்டினது மாதிரியே இருக்கே.”

“பின்னே? நான் அதுல கையே வைக்கலயே” என்றார் மாஸ்டர், காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறையாக. “ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?”

“நான் ஒன்பது மணிக்குக் கிளம்பறேன். நீங்க வீட்டைப் பார்த்துக்குங்க.”

“ஏன், நான் என்ன பண்ணினேன்?”

கழுத்திலிருந்த ஜடையைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள் அவள்.

“எனக்கு இந்தக் கட்டைச் சொல்லிக்கொடுத்தவர்தாங்க இப்ப போன்ல பேசினார்.”