இறை என்றால் இறைக்கும் மோட்டார்

கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறோமே, ஓடுமுன் ஒரு கேள்வி கேட்கிறோமா?

நிரல் எழுதப் பழகும் சுடரொளி, தன் வீட்டு மோட்டாருக்குள் ‘இறை’ என்றொரு கட்டளையை எழுதியிருந்தாள். மாடித்தொட்டி அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும். மோட்டார் உறிஞ்சி, உயர்த்தி, ஊற்றிவிடும். அதில் அதற்கு ஏகப் பெருமை.

கோடையில் ஒருநாள் கிணறு கேட்டது: “தம்பி, நான் வற்றிவிட்டால் என்ன செய்வாய்?”

“இறைப்பேன்.”

“எதை, காற்றையா? கருகிப் போவாயடா!”

மோட்டார் வியந்தது. இது ஏன் இதுவரை தோன்றவில்லை? “அப்படியென்றால், ‘தண்ணீர் இருந்தால் இறை, இல்லாவிட்டால் நில்’ என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்?”

“எழுதவில்லையே.”

அதற்குள் மேலிருந்து குரல் வந்தது: “இறை!”

மோட்டாரால் நிற்க முடியவில்லை. இறைத்துக்கொண்டே கத்தியது: “தொட்டியண்ணே, சுடரொளியைக் கூப்பிடுங்கள்! கிணற்றில் ஒரு சாண் தண்ணீர் மிச்சமிருக்கிறது. அந்த வரியை இன்றே, இப்போதே எழுதச் சொல்லுங்கள்!”