உப்புப் பொட்டலம்

மகாலிங்கம் வாளியிலிருந்து கரண்டியைத் தூக்கினார். தேன் மாதிரி இறங்க வேண்டிய ஷாம்பு, தண்ணீராய்ச் சொட்டியது.

"உப்புக் கூடிப் போச்சு," என்றவர், தராசுக்குப் பக்கத்தில் நின்ற பேச்சியம்மாவைப் பார்த்தார். "உப்புக்கு ஒராள்தான் பொறுப்பு எண்டு உமக்குச் சொன்னனானா இல்லையா?"

மற்றப் பெண்கள் பதினான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி யசோதினியும் பார்த்தாள்.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைகள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைக் காம்பரா என்ற குழந்தைகள் காப்பகத்தில் நடக்கும் ஷாம்பு செய்யும் வகுப்பு அது. மகாலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், டவுன் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிப்பவர். வகுப்பு தொடர்வதா நிறுத்துவதா, ஹட்டனில் திறக்கப்போகும் ஷாம்புக் கூடத்துக்கு யார் யார் வேலைக்குப் போவது, இரண்டும் இன்றைக்கு யசோதினி கையில். வேலைப் பட்டியலில் முதல் பெயர் பேச்சியம்மா. கொழுந்துக் கூடையை இறக்கி வைக்க அவளுக்கு வந்த ஒரே வழி.

யசோதினியும் இரசாயனம் படித்தவள். அது தெரிந்ததிலிருந்து மகாலிங்கத்துக்கு வாய் ஓயவில்லை. பீப்பாயில் வரும் வெள்ளைப் பசை எப்படி உண்டாகிறது என்று, வாளியைக் கிண்டிக்கொண்டே சொன்னார். தேங்காயெண்ணெயிலிருந்து எடுத்த அற்ககோலோடு எதிலீன் ஒட்சைட்டு என்ற நச்சு வாயுவை அழுத்தத்தில் சேர்ப்பார்கள். வாயு இரண்டு மூன்று கண்ணியாக அதன் வாலில் கோத்துக்கொள்ளும். பிறகு அதைச் சல்பேற்று ஆக்குவார்கள். அந்தக் கண்ணிகளால்தான் தோலை அவ்வளவாக உறுத்தாமல், சவர்க்காரம் நுரைக்காத தண்ணீரிலும் அது நுரைக்கிறது. செய்கிறவன் கவனம் தப்பினால் உடம்புக்குக் கூடாத மிச்சம் ஒன்று உள்ளே தங்கிவிடும் என்றும் சொன்னார். கடைசியில் சேர்க்கும் உப்பு ஷாம்பைத் தடிக்க வைக்கும். அளவு தாண்டினால் திரும்பவும் தண்ணீராக்கிவிடும்.

"ஆறு மாசமா சிரிக்காத மனுசன், இன்னைக்குப் பல்லெல்லாம் தெரியுது," என்று பெண்களில் ஒருத்தியான காளியாயி அப்போது பின்னாலிருந்து முணுமுணுத்திருந்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அப்படிச் சிரிப்பாக இருந்த இடம்தான் இது.

பேச்சியம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தாங்க சேர். கூடப் போட்டுட்டேன்."

"உங்கட கொழுந்து நிறுக்கேக்க மட்டும் ஒரு கிராம் பிசகாமல் கண் தெரியும். இதுக்குத் தெரியாது."

யசோதினி கோப்பைத் திறந்ததும் பேச்சியம்மா கிட்டே போனாள்.

"வகுப்ப நிப்பாட்டிராதீங்கம்மா. ஏம் பேர வேணும்னா எடுத்துருங்க."

யசோதினி கொஞ்சம் யோசித்தாள். வகுப்பு நடக்கட்டும் என்றாள். முதல் பெயரின் மேல் கோடு இழுத்தாள். பக்கத்தில் மகாலிங்கம் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் கலைந்து போன பிறகு அவர் மேசையை ஒதுக்கினார். தராசை நகர்த்தியபோது அதன் பின்னால் ஒரு கடதாசிப் பொட்டலம் இருந்தது. பேச்சியம்மா காலையில் நிறுத்துக் கட்டிய உப்பு. நூல் முடிச்சு அவிழ்க்கப்படவே இல்லை.

அவர் கண் மெல்ல, கரைத்துக் காட்டுவதற்கென்று தான் கொண்டுவரும் உப்பு டின்னுக்குப் போனது. காலையில் முட்ட இருந்த டின். இப்போது அடி தெரிந்தது.

கண்ணி கண்ணியாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பேச்சுக்கு இடையில், பிடி பிடியாக அள்ளிப் போட்டது அவருடைய கைதான். பேச்சியம்மா பக்கத்தில் நின்று பொட்டலத்தை இரண்டு தரம் நீட்டியதும், பேச்சைக் குழப்பாதே என்று தான் கை காட்டியதும் இப்போது ஞாபகம் வந்தது.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். யசோதினியின் வேன் புறப்படத் தயாராக நின்றது.

"அந்தப் பிள்ளையோட கோவிக்காதேங்கோ சேர்," என்றாள் அவள் கண்ணாடியை இறக்கி. "நீங்கள் எவ்வளவு வடிவாப் படிப்பிக்கிறீங்கள். அது தெரியாமல் செய்த பிழைதானே."

மகாலிங்கம் வாயைத் திறந்தார். பொட்டலம் இருந்த கையையும் பாதி தூக்கினார். பிறகு அதைப் பின்னால் கொண்டுபோனார்.

"நான் அப்பவே மன்னிச்சிட்டன்," என்றார்.

வேன் வளைவில் இறங்கி மறைந்தது. திரும்பினார். பிள்ளைக் காம்பரா வாசலில் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள் பேச்சியம்மா. அவள் முதலில் அவர் கையைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

"ஒங்க கண்ணுல படுறதுக்குள்ள அத எடுத்துட்டுப் போயிரலாம்னுதாங்க சேர் ஓடி வந்தேன்."